தங்கவயலில் பறவைக் கணக்கு

கோலார் தங்கவயலில் பிறந்தவர்க்குக் கணக்கு புதிதன்று. ஒரு ஷிப்டில் எத்தனை டன் பாறை மேலே வந்தது, ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் பொன் தேறியது, கூண்டில் இறங்கியவர் எத்தனை பேர், ஏறியவர் எத்தனை பேர் என்று நாள் தவறாமல் எண்ணி எழுதிய ஊர் அது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் அங்கே கால்வைத்தது முதல் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது வரை 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் எடுக்கப்பட்டது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. எண்ணி வைத்தவர்கள் இருந்தார்கள். அதனால் சொல்ல முடிகிறது.

பொன்னை மட்டுமா எண்ணினார்கள்? 1965-ஆம் ஆண்டில், பூமிக்கடியில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோ என்னும் துகள் பாறையில் மோதியதால் உண்டான தடங்களைக்கூட அங்கே எண்ணினார்கள். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த வேலை அது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இவ்வகைத் தடம் கண்டார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை மனிதன் முதன்முதலில் அறிந்தது இவ்விரு சுரங்கங்களில்தான். இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதில் பெருமை உண்டு, மறைப்பானேன்?

ஆனால் அதே ஊரின் தலைக்குமேல் மாலைதோறும் வரிசையாகப் போகும் கொக்குகள் எத்தனை? அந்தி மயங்கியபின் சாலையோரம் ஒலி எழுப்பும் பக்கிகள் எத்தனை? சுரங்கக் கணக்கேடு எதிலும் பறவைக்கென்று ஒரு கட்டம் இருந்ததில்லை. பெங்களூர் லால்பாகின் பறவைப் பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. தங்கவயலுக்கு உள்ளவை ஒரு கைப்பிடி அளவே. அந்தக் குறையைச் சிறிதேனும் போக்கலாம் என்று நாங்கள் சிலர் எடுத்துக்கொண்ட மாலை நடையைப் பற்றியும், அதை எவ்வாறு செய்யவேண்டும் என்பதைப் பற்றியும் நம் மன்றத்து நண்பர்களுக்கு எழுதலாம் என்று எண்ணினேன்.

என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து சாம்பியன் ரீப் சுரங்கத்துக்கு வந்தவர். அக்குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகத்துக்கு வந்தவன் நான். சென்ற பொங்கல் விடுமுறையில் நம் மன்றத்து நண்பர் அறுவரை ஊருக்கு அழைத்துச் சென்றேன். அவருள் ஒருவர் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். தமிழ் கற்பதற்காக மன்றத்தில் சேர்ந்தவர். எங்களோடு எங்கள் தெருப் பெரியவர் ஒருவரும் வந்தார். அவரை நான் மாமா என்று அழைப்பது வழக்கம். 31 ஆண்டு சுரங்கத்தில் உழைத்து, சுரங்கம் மூடிய நாளில் வெளியே வந்தவர். ஆக, எண்மர்.

பறவை பார்க்கக் காலைதானே ஏற்றது, மாலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். காலையில் பறவைகள் மிகுதியாகப் பாடும் என்பது உண்மையே. ஆனால் விடிந்ததும் அவை நாலா பக்கமும் இரை தேடிச் சிதறிவிடும். நாம்தான் தேடிச் செல்லவேண்டும். மாலையிலோ சிதறியவை திரும்பி வரும். கொக்கும் மைனாவும் கிளியும் தங்குமரத்துக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே வழியில் செல்லும். அந்த வழியில் நாம் நின்றால் போதும். அவை நம்மைக் கடந்து போகும். எண்ணுவதற்கு இதைவிட வசதி வேறில்லை. இன்னொரு காரணமும் உண்டு. சுரங்கத்தில் சங்கு ஊதியதும் ஒரு கூட்டம் மேலேறும், ஒரு கூட்டம் கீழிறங்கும். மாலையும் அப்படிப்பட்ட ஷிப்டு மாறும் நேரமே. பகற்பறவைகள் ஒதுங்க, இராப்பறவைகள் வேலைக்கு வருகின்றன. இரு சாராரையும் ஒரே நடையில் காணலாம்.

மாரிகுப்பம் ரயில் நிலையத்திலிருந்து மாலை 4.30 மணிக்குப் புறப்பட்டோம். தங்கவயல் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் மேலே உள்ளது. சனவரித் திங்களில் காற்றில் குளிர் உண்டு. வண்டிப்பாதை கேழ்வரகு அறுத்த வயல்களுக்கிடையே சென்று, உருண்டைப் பாறைகள் நிறைந்த ஒரு மேட்டைச் சுற்றி, ஒரு சிறு குளத்தின் கரையில் முடிகிறது. மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குள்தான். பறவை நடையில் தூரம் பெரிதன்று. நின்ற நேரமே பெரிது. மூன்று கிலோமீட்டருக்கு எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

முதலில் கண்ணில் பட்டது கள்ளப்பருந்து. அதில் என்ன புதுமை என்று நண்பர்கள் முகம் சுளித்தனர். ஆனால் பருந்தினிடமே ஒரு பாடம் இருக்கிறது. 4.30 மணிக்கு அது இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டது. பகல் வெயிலில் தரை சூடேறி, அதன்மேல் உள்ள காற்றும் சூடேறி மேலே எழும். அந்த ஏறுகாற்றின் மேல் பருந்து செலவின்றி மிதக்கும். 5.15 மணிக்கு வந்த பருந்துகளோ ஒவ்வொன்றும் இறக்கை அடித்துக்கொண்டு நேர்க்கோட்டில் சென்றன. தரை ஆறத் தொடங்கிவிட்டது, ஏறுகாற்று ஓய்ந்துவிட்டது. வெப்பமானி இல்லாமலே, இறக்கை அடிப்பை எண்ணி இதனை அறியலாம். முதல் கால்மணி நேரத்தில் இரண்டு, அடுத்த கால்மணி நேரத்தில் ஐந்து, அதற்கடுத்ததில் பதினொன்று என்று வீடு திரும்பும் பருந்துகளைக் குறித்தோம்.

வயலில் நெட்டைக்காலியும் வாலாட்டியும் ஓடித் திரிந்தன. மின்கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருக்கும்போது மங்கிய பழுப்பு. பறந்தால் இறக்கையில் நீலம் பளீரென்று விரியும். கன்னட நண்பர், “இதுதான் எங்கள் நீலகண்டம், எங்கள் மாநிலத்தின் அரசுப் பறவை” என்றார். “பனங்காடன்னு சொல்லுவோம் தம்பி. உங்களுக்கும் அதேதான், எங்களுக்கும் அதேதான். பேரு மட்டும் வேற” என்றார் மாமா. தமிழ்நாட்டின் அரசுப் பறவை மரகதப் புறா என்று நான் சொன்னபோது, “அத்த நான் பாத்ததே இல்லியே!” என்று மாமா வியந்தார். அது மரங்கள் அடர்ந்த காட்டின் நிழலில் வாழ்வது. எங்கள் வறண்ட வெளிக்குப் பனங்காடையே பொருத்தம் என்பது என் கருத்து.

அதே கம்பியில் பஞ்சுருட்டான்கள் ஒன்றோடொன்று தோள் உரசி வரிசையாக அமர்ந்திருந்தன, ஒன்பது. மண்சரிவில் விரலாழமன்று, முழங்கை ஆழத்துக்கும் மேலாக வளை தோண்டி முட்டையிடும் பறவை இது. பாதையோரத்து மண்கரையில் பழைய வளைகள் சிலவற்றைக் கண்டோம். சயனைட் மேடுகளின் அரிப்புச் சரிவிலும் இவை வளை தோண்டுகின்றனவா என்பதைக் கூடுகட்டும் பருவத்தில், பங்குனி வாக்கில், வந்து பார்த்தால் தெரியும். இவ்வினா எதற்காக என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

5.30 மணி தொடங்கிக் கொக்குகள் வந்தன. மாடுகளோடு மேய்ந்து, அவை கிளப்பும் பூச்சிகளைத் தின்னும் உண்ணிக்கொக்குகள் இவை. மாட்டின் மேலுள்ள உண்ணியைத் தின்பதால் வந்த பெயர் என்பர். குடிபெயர்ந்தவருள் இந்தக் கொக்குக்கு ஈடு சொல்வது அரிது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் மாகடலைக் கடந்து தென்னமெரிக்கா சேர்ந்து, 1950-களில் வட அமெரிக்காவில் கூடும் கட்டிவிட்டது இதன் இனம். யாரும் கப்பலேற்றி அனுப்பவில்லை. மேய்ச்சல் நிலமும் மாடும் இருந்த இடமெல்லாம் அதற்குத் தாய்நாடாயிற்று. தங்கவயல்காரனாகிய எனக்கு இதில் சிறிது உறவு தோன்றுவது இயல்புதானே!

கூட்டமாகப் பறக்கும் பறவைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால், பதினைந்தாவது கொக்கை எண்ணும்போது முதற்கொக்கு மரத்தில் அமர்ந்துவிடும். ஆகவே முதலில் பத்துக் கொக்குகளை மட்டும் எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு கூட்டத்தின் மேல் அந்த அளவை வைத்து வைத்துப் பத்து, இருபது, முப்பது என்று அளந்துகொண்டே போகவேண்டும். நெல்லை மணிமணியாக எண்ணாமல் படியால் அளக்கிறோம் அல்லவா, அது போல. இருவர் தனித்தனியே எண்ணி, ஒருவர் எண்ணை ஒருவர் கேளாமல் எழுதிப் பின்னர் ஒப்பிட வேண்டும். ஒருவர் 140 என்றும் மற்றவர் 146 என்றும் சொன்னார்கள். இரண்டையும் எழுதினோம். வேறுபாட்டை அழித்துவிட்டு ஓர் எண்ணை மட்டும் எழுதுவது ஆய்வுக்கூடத்திலும் குற்றம், குளக்கரையிலும் குற்றம்.

இனி ஒளியைப் பற்றி. அன்று கதிரவன் மறைந்தது ஏறக்குறைய 6.10 மணிக்கு. கதிரவன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை உள்ள ஒளியை அந்தியொளியின் முதற்பகுதி என்பர். நம் அகலாங்கில் அது ஏறக்குறைய 22 நிமிடமே நிற்கும். ஐரோப்பிய நாடுகளில் அந்தி நீண்டு கிடக்கும். அங்கே எழுதப்பட்ட நூல்களைப் படித்துவிட்டு, ‘இன்னும் நேரமிருக்கிறது’ என்று இங்கே நிற்பவர் இருட்டில் நிற்பர். இந்த 22 நிமிடத்துக்கு முன்பே நிற்கவேண்டிய இடத்தில் நின்றுவிட வேண்டும்.

பைனாகுலர் என்று நாம் சொல்லும் இருகண்நோக்கி வாங்க நினைப்பவர்க்கு ஒரு சொல். அதன் மேல் 8×40, 10×25 என்றெல்லாம் எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பின்னதை முன்னதால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×40-க்கு 5 மில்லிமீட்டர், 10×25-க்கு 2.5 மில்லிமீட்டர். நண்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். ஆதலால் வேறுபாடு தெரியாது. அந்தியில் இளைஞர் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். அப்போது 10×25 கொண்டுவந்தவர் இருட்டைத்தான் பத்து மடங்கு பெரிதாகக் காண்பார். கடைக்காரர் ‘பத்து எட்டைவிடப் பெரிது’ என்று சொல்வார்; மாலை நடைக்கு அதை நம்பவேண்டா. எண்மருக்கு எங்களிடம் இருந்தவை இரண்டே இரண்டு. அவையே போதுமானவையாக இருந்தன.

அந்தியில் நிறத்தை நம்பக்கூடாது என்பதும் அறியத்தக்கது. விழித்திரையில் பகலுக்கென ஒருவகை அணுக்களும் இருளுக்கென வேறுவகை அணுக்களும் உள்ளன. பகலணுக்கள் மஞ்சள் கலந்த பச்சை ஒளியை மிகுதியாக உணரும்; இருளணுக்கள் நீலம் சார்ந்த பச்சையை மிகுதியாக உணரும், சிவப்பை அறவே உணரா. ஆகவே ஒளி குறையக் குறையச் சிவப்புத்தான் முதலில் கறுக்கும். 19-ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே தம் தோட்டத்துப் பூக்களைப் பார்த்தே இதைக் கண்டார் என்பர். நாங்கள் ஆள்காட்டியை வைத்துக் கண்டோம். 5 மணிக்கு அதன் அலகும் கண்முன் தொங்கும் தசையும் செக்கச் செவேலென்று இருந்தன. 6.20-க்கு அதே பறவை, அதே இடம். தசை கரித்துண்டு போல் இருந்தது. எனவே மாலையில் வடிவம், பறக்கும் முறை, குரல் ஆகிய மூன்றே சான்றுகள். நிறம் சொல்லும் சாட்சியம் செல்லாது.

ஆள்காட்டி நம் நாட்டுப்புறத்துக்கு நன்கு அறிமுகமான பறவை. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி. கூடு என்று ஒன்று கட்டுவதில்லை. தரையிலே கூழாங்கற்களுக்கிடையே கூழாங்கல் போன்ற நான்கு முட்டைகளை இடும். கோடை வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க, மார்பிறகை நீரில் நனைத்து வந்து முட்டைமேல் அமரும். “ஆக்காட்டி கத்துச்சுன்னா எதிர்க்க எவனோ வர்றான்னு அர்த்தம். பாம்பு வந்தாலும் கத்தும், சூப்பர்வைசர் வந்தாலும் கத்தும்” என்றார் மாமா. எல்லோரும் வாய்விட்டுச் சிரித்ததில் ஆள்காட்டிகள் நான்கும் எழுந்து பறந்துவிட்டன. எண்ணி முடித்திருந்தோம், நல்லவேளை.

இருட்டத் தொடங்கியதும் பாறைமேட்டுப் பக்கமிருந்து கண்கிலேடியின் குரல் கேட்டது. பெரிய மஞ்சள் கண்ணும் நீண்ட காலும் உடைய பறவை. பகலெல்லாம் புதரடியில் அசையாமல் கிடக்கும். நாங்கள் அதைப் பார்க்கவில்லை, கேட்டோம். குறிப்பேட்டில் ‘குரல் மட்டும், இரண்டு’ என்று எழுதினோம். கேட்டதைப் பார்த்ததாக எழுதக்கூடாது.

அடுத்துப் பக்கி. கல்தரையில் விழுந்த காசு முதலில் இடைவிட்டுக் குதித்து, வரவர விரைந்து குதித்து, நடுங்கி அடங்குவது போன்ற ஒலி. மூன்று திசையிலிருந்து மூன்று. நண்பர்கள் அது தவளையோ பூச்சியோ என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா நின்றுவிட்டார்.

“இது பக்கிடா தம்பி. நைட் ஷிப்டுக்குப் போறப்ப தெனம் இதானே எங்களுக்குத் தொணை. ரோட்டுலயே குந்திகினு இருக்கும். கைவெளக்கு வெளிச்சம் பட்டா கண்ணு நெருப்பாட்டம் எரியும். கிட்டப் போனா எழுந்து பத்தடி தள்ளிக் குந்தும். ஷாப்ட் வரைக்கும் இப்படியே நமக்கு முன்னாடி வழி காட்டினு போவும்.”

“எத்தனை மாமா இருக்கும், அந்தக் காலத்தில்?” என்று கேட்டேன்.

“எண்ணினவன் யாரு? லைன் வூட்டுலேந்து ஷாப்டுக்குப் போறதுக்குள்ள ஆறு ஏழு எழும்பும். இப்ப மூணு கேக்குது. ஆனா அது ரோடு, இது குளக்கரை. ஒண்ணுன்னு சொல்ல முடியாது.”

கடைசி வாக்கியத்தை நான் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன். பள்ளி இறுதி வகுப்பைக் கடவாத ஒருவர், இடம் வேறுபட்டால் ஒப்பீடு செல்லாது என்பதைத் தாமே சொன்னார். நம் ஆய்வுக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பருவம் வேண்டியிருக்கிறது. பக்கியின் கண் நெருப்பாய் எரிவதற்கும் காரணம் உண்டு: விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் உட்புகுந்த ஒளியைத் திருப்பி அனுப்பி, இருளணுக்களுக்கு இரண்டாம் முறை வாய்ப்புத் தருகிறது. திரும்பி வெளிவரும் மிச்ச ஒளியே நமக்கு நெருப்பாகத் தெரிவது.

சுரங்கத் தொழிலாளர் பகற்பறவைகளைவிட இராப்பறவைகளை நன்கு அறிந்திருந்தனர் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. ஷிப்டு அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது. இப்பொழுது நைட் ஷிப்டு இல்லை. அந்த அறிவுடையோர் எழுபதைக் கடந்துவிட்டனர். தமிழில் பறவைப் பெயர்களைப் பேராசிரியர் க. ரத்னம் ஊர் ஊராகத் திரட்டி நூலாக்கியிருக்கிறார். மா. கிருஷ்ணன் (1912–1996) கானுயிர் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரைகளிலும் நாட்டுப்புறப் பெயர்கள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் தங்கவயல் லைன் வீடுகளில் வழங்கிய பெயர்களை நாம்தான் கேட்டு எழுதவேண்டும். பறவையின் பெயரோடு, சொன்னவரின் பூர்வீக ஊரையும் கேட்டு எழுதுதல் நலம். குடியாத்தத்தார் ஒரு பெயரும் சேலத்தார் ஒரு பெயரும் சொல்வர்.

அன்று ஒரு பூனைப்பருந்தும் கண்டோம். வயலின் மேல் தாழப் பறந்து, இறக்கையை ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போயிற்று. இதில் சில இனங்கள் உண்டு. பெண்பறவைகளைப் பிரித்தறிவது நண்பகலிலேயே கடினம். ‘பூனைப்பருந்து, ஒன்று, இனம் தெரியவில்லை’ என்று எழுதினோம். நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் விருந்தாளி இது. மரத்தில் தங்காமல், புல்வெளியில் தரைமேல் கூட்டமாக இரவைக் கழிக்கும். ஆகையால் இதனை எண்ணவேண்டுமானால் அந்தியில் அதன் தங்குமிடத்தருகே நின்று, வந்து இறங்குவனவற்றை எண்ணுவதுதான் வழி. ஆந்திரத்தின் ரோள்ளபாடு முதலிய இடங்களில் பலர் அவ்வாறு எண்ணினர். ஏறக்குறைய 30 ஆண்டுக் கணக்குகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்டபோது, இந்தியாவுக்கு வரும் பூனைப்பருந்துகள் குறைந்து வருவதற்கான அறிகுறிகள் தெரிந்தன. மாலையில் நின்று எண்ணியவர் இல்லையானால் அவை தெரிந்திரா.

பிணந்தின்னிக் கழுகின் கதை இதைவிடக் கொடியது. பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்பார் 1980-களின் பிற்பகுதியில் கழுகுகளை எண்ணி வைத்திருந்தார். பத்தாண்டு கழித்து மீண்டும் எண்ணினார். இரண்டாம் எண்ணிக்கை அவரைத் திடுக்கிடச் செய்தது. எங்கும் நிறைந்திருந்த பறவையாதலால், முதற்கணக்கு இல்லையெனில், ‘முன்பு சற்று அதிகமாக இருந்தன போலும்’ என்பதோடு நின்றிருக்கும். கால்நடைக்குக் கொடுக்கும் டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம் என்பது 2004-இல் வெளிப்பட்டது. 2006-இல் அரசு கால்நடைக்கு அதைத் தடைசெய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகினத்தில் நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்துவிட்டிருந்தது.

எண்ணுவோர் எல்லாரும் அறிஞராயிருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பிராங்க் சாப்மன் என்பவர் அழைப்புக்கு இணங்கி 27 பேர் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பறவைகளை எண்ணப் புறப்பட்டனர். அது இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. தங்கவயல் எல்லைக்கு இப்பால் இருப்பதால் எங்கள் கொக்குகள் அந்தக் கணக்கில் சேரா. பொங்கல் மட்டும் எங்களுக்கும் உண்டு! எனினும் ‘ஈ-பேர்ட்’ என்னும் உலகப் பொதுக் கணக்கேட்டில் யாரும் எங்கிருந்தும் பட்டியலைச் சேர்க்கலாம். இத்தகைய பட்டியல்களைக் கொண்டே 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வெளிவந்தது. 942 இனங்கள் ஆராயப்பட்டன; 178 இனங்கள் முதற்கவனம் வேண்டுவன எனக் குறிக்கப்பட்டன. பட்டியல் தந்தோர் ஏறக்குறைய 30,000 பேர்.

இனி, பஞ்சுருட்டான் வளையைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். தங்கவயலின் சயனைட் மேடுகளை ரயிலில் வருவோர் மலை என்றே நினைப்பர். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்தெடுத்தபின் எஞ்சிய சேறு, நூற்றாண்டுக்கு மேலாகக் கொட்டிக் கொட்டி 13 மேடுகளாக நிற்கிறது. 3 கோடியே 30 இலட்சம் டன் அளவில் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் இன்னும் பொன் உண்டு. 2024 சூன் திங்களில், ஏறக்குறைய 1,003 ஏக்கரில் உள்ள இம்மேடுகளை மீண்டும் தோண்டிப் பொன்னெடுக்கும் மத்திய அரசின் முன்மொழிவுக்குக் கருநாடக அமைச்சரவை இசைவளித்தது.

இதை எதிர்த்து எழுதுவது என் நோக்கமன்று. காற்று வீசும் மாதங்களில் அத்தூசியைத் தின்று இருமிய ஊர் எங்களுடையது. சயனைடு வெயிலில் சிதைந்துபோகும். தூளிலுள்ள உலோகங்கள் போகா. மேடு போனால் மகிழ்வோர் பலர். வேலை வந்தால் இன்னும் பலர் மகிழ்வர். நாள்தோறும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் எங்கள் ஊர் மக்களைப் பார்த்தவர் யாரும் இதை மறுக்கமாட்டார். என் கவலை வேறு. 20 ஆண்டுக்கு மேலாக ஆள் நடமாட்டம் குறைந்து கிடந்த அந்த மேட்டோரங்களிலும் முட்புதர்களிலும் எவை குடியேறியிருக்கின்றன என்பதை எழுதிவைக்க இப்பொழுதுதான் காலம். இயந்திரம் வந்தபின் எண்ணினால் அது இயந்திரம் வந்தபின் உள்ள கணக்காகவே இருக்கும்.

ஏரிகளுக்கும் இதுவே நிலை. 2018 முதல் பெங்களூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளில் நிரப்பி வருகிறார்கள். வறண்ட ஏரியில் நீர் நிற்பது நல்லதே. நீர்க்கோழிக்கும் வாத்துக்கும் அது நன்மை. ஏரியின் காய்ந்த படுகையில் வாழ்ந்த ஆள்காட்டிக்கும் வானம்பாடிக்கும்? முன்னைய கணக்கு உள்ள ஏரியில் விடை கிடைக்கும். தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் குறுக்கே உள்ளது. அதே ஆறு வாணியம்பாடி வழியாக எங்கள் பாட்டனார் நாட்டுக்குள் போகிறது. அடுத்து எண்ணவேண்டிய இடம் அதுவே என்று மாமா சொல்லியிருக்கிறார்.

நடைக்கு வருவோர் அறியவேண்டிய சில. குழு பத்துப் பேருக்கு மேல் போகக்கூடாது. இருவர் எண்ணவும், ஒருவர் எழுதவும், ஒருவர் கடிகாரம் பார்க்கவும், ஒருவர் பின்பக்கம் நோக்கவும் வேண்டும். எல்லோரும் முன்னாலேயே பார்த்துக்கொண்டு போனால் பாதிப் பறவை முதுகுக்குப் பின்னால் போய்விடும். நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடந்த தூரம், ஆள் எத்தனை, மேகம், காற்று ஆகியவை இல்லாத பட்டியல் வெறும் பெயர்க்கோவை. அறிந்த பறவை அனைத்தையும் எழுதவேண்டும். அரியவற்றை மட்டும் எழுதி, காக்கையை விட்டுவிடுவது பெருங்கேடு. தேடிக் காணாததையும் எழுதுக. அன்று நாங்கள் கௌதாரியின் குரலுக்குக் காத்திருந்தோம், கேட்கவில்லை. ‘கௌதாரி: இல்லை’ என்ற அந்த வரி எனக்கு 146 கொக்குகளைப் போலவே வேண்டியது. கைப்பேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பது கூடாது. கூட்டின்மேல் விளக்கடிப்பதும் கூடாது. தங்கவயலில் மட்டும் இன்னொன்று: பழைய ஷாப்டுகளும் தாழ்ந்த நிலமும் ஆங்காங்கே உண்டு. சுரங்க வேலிக்குள் அனுமதியின்றி நுழையாமல், பொதுப்பாதையை விட்டு விலகாமல், ஊர்க்காரர் ஒருவர் முன்னே நடக்கச் செல்லவேண்டும்.

அடுத்த நடை பங்குனியில், அதே பாதையில், அதே 4.30 மணிக்கு மாரிகுப்பம் நிலைய வாயிலிலிருந்து புறப்படும். எட்டுப் பேருக்கு இடமுண்டு. பெயரை மன்றச் செயலாளரிடம் கொடுக்கலாம். கைவிளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு வருக. சிவப்பொளி இருளணுக்களைக் கூசச் செய்யாது. இரவுக் களியும் கருவாட்டுக் குழம்பும் மாமா வீட்டில். சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அத்தை சொல்லச் சொன்னார்கள்.